முன் சீட்டில் அம்மா

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை மாமா மிதித்து வந்த சைக்கிளுக்கு இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். முன்னால் அவருடைய நண்பர் உட்கார்ந்து ஓட்டுவார். பின்னால் மாமா உட்கார்ந்து மிதிப்பார். மாமாவுக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடம் படிக்கும்போதே பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போய்விட்டதாம். சென்னையில் ஒரு பாங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் தினமும் சாயங்காலம் போனில் அழைத்து, எந்த ஊர் வந்துவிட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று அம்மாவிடம் சொல்வார். நான் அதை மறுநாள் மூன்றாம் வகுப்பு முழுவதற்கும் ஒலிபரப்புவேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. எங்கள் ஊர் எல்லையில், எடமலைப்பட்டி புதூரில் ஒரு டீக்கடை வாசலில் அப்பாவும் அம்மாவும் நானும் காத்திருந்தோம். அம்மா எலுமிச்சை சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். அப்பா ஒரு ரோஜா மாலை வாங்கி, அது வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் வந்தது. ஆனால் யாரும் அதன்மேல் இல்லை. மாமாவின் நண்பர் ஒரு கையால் உருட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தார். மாமா பின் சீட்டைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். சற்று முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியதில் இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். மாமாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். நண்பரின் மணிக்கட்டு பன்போல வீங்கியிருந்தது.

அப்பா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார்.

“மச்சான், ஒரு குட்டியானை வேன் பிடிச்சு சைக்கிளை ஏத்திடலாம். நீங்க ஆட்டோவுல வந்துடுங்க. யாரு கேக்கப் போறாங்க?”

“நான் கேப்பேனே மாப்ள” என்றார் மாமா. “இவ்வளவு தூரம் வந்துட்டு, ஊருக்குள்ள லோடு மாதிரி போய் இறங்குறதா?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் டீயை வாங்கிக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தாமே முன் சீட்டில் ஏறினார். அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவர். நீளமான அந்தச் சைக்கிள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நாலு முழம் போவதற்குள் டீக்கடையின் வாழைத்தார் பக்கம் திரும்பிவிட்டது. கடைக்காரர் ஓடி வந்து தாரைக் காப்பாற்றினார். அப்பா இறங்கி, “பிரேக்கு சரியில்லை” என்றார்.

அப்போது அம்மா துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்தாள்.

“நான் ஓட்டறேன்ணே. ஏறு.”

நான் திகைத்துப் போனேன். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடு என்று எத்தனையோ முறை அம்மாவிடம் அழுதிருக்கிறேன். எனக்கே ஓட்டத் தெரியாதே கண்ணு என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வாள். அப்பாவுக்கும் அது செய்திதான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பின் சீட்டைத் தடவிப் பார்த்து ஏறினார்.

பக்கத்துச் சந்தில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். முதல் சுற்றில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. இரண்டாவதில் இல்லை.

அப்பா ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் போனார். நானும் மாமாவின் நண்பரும் ஆட்டோவில் பின்னால். நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. “கை எங்கேயும் ஓடிடாதும்மா. இதைப் பார்க்காம நான் போகமாட்டேன்” என்றார். முன் சீட்டில் இருப்பவர்தான் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துச் சாலையைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்றும் விளக்கினார். வீட்டில் அதிகம் பேசாத என் அம்மா, ஜங்ஷனைத் தாண்டும்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“பள்ளம்ணே... லெஃப்ட்ல பஸ்ஸு... மெதுவா, மெதுவா... இப்ப மிதி!”

காவிரிப் பாலத்தில் ஏறியதும் பேச்சு நின்றது. காற்று மட்டும் பலமாக அடித்தது. மாமா ஏதோ சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். பிறகு மாமா இரண்டு கையையும் ஹாண்டில்பாரிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் அகல விரித்துக்கொண்டார்.

நான் ஆட்டோவுக்குள் கத்திவிட்டேன். நண்பர் என் தோளைத் தட்டினார்.

“என் பின்னாடி உக்காந்து ஒரு நாளும் அவர் கையை எடுத்ததில்லை” என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்ததா, சந்தோஷமா, எனக்குத் தெரியவில்லை.

ராஜகோபுரத்துக்கு எதிரே வந்து நின்றார்கள். மாமா இறங்கி, என் தோளைப் பிடித்து நடந்து போய், கோபுரத்தின் கல்லில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். நான் மாமாவுக்கு மாலையைப் போட்டேன். பாதி இதழ்கள் ஆட்டோவிலேயே உதிர்ந்திருந்தன. அப்பா நண்பரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அம்மா எங்களைப் பூக்கடை நிழலில் உட்கார வைத்துவிட்டுக் குடிக்க ஏதாவது வாங்கப் போனாள்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் கோபம்.

“மாமா, அம்மா ஏன் சைக்கிள் தெரியாதுன்னு பொய் சொன்னாங்க?”

மாமா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்தான் இருந்துச்சு. ஆத்துக்குப் போகும்போது நான் ஓட்டுவேன், வரும்போது அவ ஓட்டுவா. எனக்குக் கண்ணு போனதும், இனிமே நீயே வச்சுக்கோன்னு வீட்டுல அவகிட்ட சொன்னாங்க. அவ, ‘எனக்கு ஓட்டவே மறந்து போச்சு’ன்னுட்டா.”

எனக்கு அது சுத்த அபத்தமாகப் பட்டது.

“அதெப்படி மறக்கும்? உங்களுக்குத்தானே மாமா கண்ணு தெரியாது? அவங்களுக்கு நல்லாத்தானே தெரியுது?”

மாமா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குள் அம்மா மூன்று பன்னீர் சோடாவோடு வந்து, மாமாவின் கையில் ஒன்றை வைத்தாள்.

“என்ன கேக்கறா?”

“சைக்கிள் கத்துக்கணுமாம்” என்றார் மாமா.

“நாளைக்கே சொல்லித் தரேன்” என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

நான் அப்படிக் கேட்கவே இல்லையே! அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரிப் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. சோடாவைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.