மரத்த கையோடு வீடு திரும்பிய மாலை

காலையில் அறுவை சிகிச்சை, மாலைக்குள் வீடு. இப்போதெல்லாம் அப்படித்தான் அனுப்பிவிடுகிறார்கள். முன்பு பைக்கிலிருந்து விழுந்து முறிந்த என் இடது முன்கையில் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் வைத்திருந்தார்கள். தகடு தோலை உறுத்தத் தொடங்கியதால் எடுத்துவிடலாம் என்று சேலத்துக்குப் போனோம். முழு மயக்கம் கொடுக்கவில்லை. தோளருகே ஊசி போட்டு அந்தக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். எடுத்த திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார்கள். எண்ணினேன், ஆறும் இருந்தன.

கிளம்பும்போது நர்ஸ் மாத்திரை அட்டையை மருமகளிடம் கொடுத்தார். "மரமரப்பு முழுசா உடறதுக்கு முன்னாடியே முதல் மாத்திரையப் போட்டுருங்க. வலி ஏறுனதுக்கப்பறம் போட்டா சீக்கிரம் கேக்காது. கையைத் தலகாணி மேல தூக்கி வையுங்க."

மகன் காரை ஓட்டினான். மருமகள் முன்னால் அமர்ந்திருந்தாள். பின்னிருக்கையில் நான் மட்டும். ஆட்டையாம்பட்டி தாண்டும்போது கண்ணை மூடினேன். கை, கழுத்தில் மாட்டிய துணிப் பட்டையில் மார்போடு கிடந்தது. ஆனால் நான் உணர்ந்த கை அங்கே இல்லை. அது பக்கத்துக் காலி இருக்கையில், உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் பாதி மடங்கிக் கிடந்தது. ஊசி போட்டபோது கை இருந்த நிலையையே மூளை கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். விளக்கம் புரிந்தது. ஆனாலும் பதினோரு முறை கண்ணை மூடி மூடித் திறந்தேன்.

மகன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "அப்பா, அஞ்சு வெரலும் இருக்குதுங்களா? எண்ணிட்டீங்களா?"

"இருக்குது. நீ ரோட்டைப் பாரு."

அந்தப் பாதி மடங்கிய விரல்களை எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தபின் என் மனைவியின் இடது கை நான்கு வருடம் அப்படித்தான் கிடந்தது. குளிப்பாட்டும்போது அதைத் தூக்கினால், "இது ஆரு கைங்க? அக்கட்டால எடுத்து வைங்க" என்று அப்பால் தள்ளச் சொல்வாள். பயிற்சி கொடுக்க வந்தவர் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி, "வலிக்குதுங்களாம்மா?" என்று கேட்பார். பதில் என் முகத்தில் இருப்பதுபோல அவள் என்னைப் பார்ப்பாள். ஒரே ஒரு 'ஆ'வுக்காக நான் காத்திருப்பேன். அவள் போகும்வரை அது வரவே இல்லை.

மல்லசமுத்திரம் வந்து, கட்டிலில் தலையணைமேல் கையை ஏற்றி வைத்ததும் மருமகள் மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள்.

"போட்டுக்குங்க மாமா."

"வலிக்காத கைக்கு எதுக்கு?"

"வலிச்சே ஆகோணும்னு வேண்டுதலுங்களா? நர்ஸ் சொன்னது காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சு சாமி. கொஞ்சம் பொறு."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. மாத்திரை போட்டு வலியே வராமல் போனால், கை திரும்பிவிட்டது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? வலக்கையால் கட்டை விரலைக் கிள்ளினேன். ஒவ்வொன்றாக ஐந்தையும் கிள்ளினேன். விரல்கள் சூடாகவும் கனமாகவும் இருந்தன; யாருடைய விரல்களோ போலிருந்தன. கண்ணை மூடினேன். அந்த இன்னொரு கை கட்டிலின் மறுபாதியில், என் மனைவி படுத்திருந்த பக்கத்தில் கிடந்தது. கண்ணைத் திறக்கவும் பயமாக இருந்தது, மூடியிருக்கவும் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டை விரலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு சுட்டு விரலில். மூன்றாவது விரலுக்குப் போவதற்குள் தையல் போட்ட இடத்தில் தணலை வைத்ததுபோல வலி பிடித்தது.

"வலிக்குது!" என்று கத்தினேன்.

ஓடிவந்த மருமகள் என் முகத்தைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "வலிக்குதுன்னு கத்திப்போட்டு எதுக்குங்க மாமா சிரிக்கறீங்க?"

வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்தேன். அவள் மாத்திரையை என் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரை மட்டும் விழுங்கினேன். மாத்திரையைக் கன்னத்தின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டேன். கசந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது என் கையாக வலிக்கட்டும் என்றிருந்தது.

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"எங்க, வாயைத் தொறங்க" என்றாள்.