கட்சி மாறாத தண்டபாணியின் சம்பந்தி

ராயபுரத்தில், துறைமுக வாசலுக்கு எதிரே மீன் வறுத்து விற்ற கோவிந்தம்மா அதிகம் பேசமாட்டாள். மீனைத் திருப்பிப் போட்டபடியே எல்லாவற்றையும் கவனிப்பாள். 1952ஆம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்கு ஒரே கவலைதான். மகள் நீலாவின் கல்யாணம்.

நீலா மனத்தில் வைத்திருந்த தாமோதரன் நல்ல பையன். ஆனால் அவனுடைய அப்பா கோதண்டம் கதரைக் கழற்றிவிட்டுச் செங்கொடி பிடித்தவர். கோவிந்தம்மாவின் புருஷன் தண்டபாணியும் அவரும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை இறக்கியவர்கள். கள்ளுக்கடை மறியலில் ஒன்றாக அடி வாங்கியவர்கள். தண்டபாணி இன்னும் கதரில்தான் இருந்தார். கோதண்டம் பெண் கேட்டு வரும்போதெல்லாம், "கச்சி மாறினவன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தது. கப்பலின் சமையல்காரர் ஒரு கறுப்பர். கோவிந்தம்மாவின் வறுத்த சங்கரா மீனுக்குத் தினமும் வந்துவிடுவார். கப்பல்களுக்குக் காய்கறி கொடுக்கும் யேசுதாஸ் கூடவே வந்து, பேச்சை இங்கும் அங்கும் மொழிபெயர்த்துச் சொல்வார். அமெரிக்காவில் அப்போது தேர்தல் நேரம்.

"இவரு எந்தக் கச்சின்னு கேளு நைனா" என்றார் தண்டபாணி.

"டெமாக்ரட்டாம்."

"இவங்க பாட்டன்?"

யேசுதாஸ் கேட்டுச் சொன்னார்: "பாட்டன் அடிமையா பொறந்தவராம். அடிமைங்கள விடுவிச்சது லிங்கன். அவரு ரிபப்ளிகன். அதனால பாட்டன் சாவுற வரைக்கும் அந்தக் கச்சிதான். டெமாக்ரட்னா அப்போ அடிமைங்கள வச்சிகினு இருந்த தெக்கத்தி மொதலாளிங்க கச்சியாம்."

தண்டபாணி துள்ளி எழுந்தார். "அங்கியா தாவினாரு? கோதண்டம் மாரியே கீறாரே!"

விஷயம் புரிந்ததும் சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார்.

"நடுவுல வேலையே இல்லாத பட்டினி காலமாம்" என்றார் யேசுதாஸ். "டெமாக்ரட்காரரு ரூஸ்வெல்ட் வந்து வேலை குடுத்தாராம். வடக்கே கறுப்பருங்க முக்காவாசி அந்தப் பக்கம் வந்துட்டாங்க. லிங்கன் கச்சி மெல்ல மெல்ல மில்லு மொதலாளிங்க கச்சியா ஆயிடிச்சாம். ஆனா தெக்கே இன்னிக்கும் டெமாக்ரட்காரன்தான் இவங்கள ஓட்டுப் போடவுடாம தொரத்துறானாம். பேரு அதேதான், உள்ள சரக்கு மாறிக்கினே கீது."

"பேஜாராப் போச்சே! அப்போ எவன்தான் துரோகி?"

கோவிந்தம்மா மெதுவாக வாயைத் திறந்தாள்.

"நீ சேந்தப்போ கதர்காரன்னா ஜெயிலுக்குப் போறவன். இப்போ மந்திரி வூட்டுக்குப் போறவன். நீ நின்ன எடத்துலயே கீறே, கச்சி நவுந்துடிச்சி. கோதண்டண்ணன் அன்னிக்கும் கூலிக்காரனுக்குத்தான் கத்தினாரு, இன்னிக்கும் அதுக்குத்தான் கத்துறாரு."

அவள் இத்தனை பேசி யாரும் கேட்டதில்லை. தண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குப்பத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் கேட்டு வரவேண்டும். பெண்ணைப் பெற்றவன் போய் நின்றால் ஊரே சிரிக்கும். தண்டபாணிக்கு அது நினைவே இல்லை. கோதண்டத்தின் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார்: "டேய் செங்கொடி! என் பொண்ணை எப்போடா கேக்க வரப்போறே?"

கோதண்டம் சோற்றுக் கையோடு வெளியே வந்தார். "வந்தப்பல்லாம் தொரத்திட்டு இப்போ நீயே வந்து நிக்கிறியா, மானங்கெட்டவனே! உள்ள வா, துன்னு!"

பின்னாலேயே ஓடிவந்த கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்பை அப்படியே விட்டு வந்தது அப்புறம்தான் உறைத்தது. திரும்பி ஓடினாள். சமையல்காரர் குந்தி உட்கார்ந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நன்றாகவே கருகியிருந்தது.

"தையில கல்யாணம்னு இவருகிட்ட சொல்லுண்ணா" என்றாள் யேசுதாஸிடம், வெட்கத்தோடு.