எள் பொரியும் கடல்

பச்சைப் பட்டை ஒன்று என் மணிக்கட்டில் இருக்கிறது. பார்த்தால் காகிதம்தான்; இழுத்தால் கிழியாது. நியூ ஜெர்சிக் கடற்கரையில் மரக் குடில்களும் அமைதியான விரிகுடாவுமாக ஒரு குடும்பக் கேம்ப் உண்டு. அங்கே கயிற்றுக்கு அப்பால் நீந்தப் போகலாம் என்பதற்கு இதுதான் அனுமதி. நேற்று ஒரு பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்தேன். கத்தரி பக்கத்திலேயே கிடக்கிறது, வெட்ட மனம் வரவில்லை. இதே பச்சை ஒரு காலத்தில் அத்தையின் கையில் இருந்தது.

அப்பாவின் தங்கை அவர். ஈரோட்டிலிருந்து வந்து, ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டில் என் அறையிலேயே தங்கி, ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். வங்கியின் கணினி எது படுத்தாலும் அத்தையின் போன்தான் அடிக்கும். தோசையைத் திருப்பிக்கொண்டே பேசுவார், தலை துவட்டிக்கொண்டே பேசுவார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் அந்தக் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் விசா போய்விடும், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றிருந்தார்கள். அதே வெள்ளிக்கிழமைதான், கேம்ப்பில் குடில் எடுத்துத் தங்கியிருந்த ஆன்ட்டி ஒருவர் எங்களை ஒரு நாள் வந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். அத்தை வரவில்லை என்றார். அம்மா விடவில்லை. "இங்க உக்காந்து போனைப் பாக்கறதை அங்க வந்து பாரு. சும்மா கால் நனைச்சுட்டு வந்துடலாம்."

எங்கள் வீட்டில் கடலுக்குப் போவது என்றாலே கால் நனைப்பதுதான். கேம்ப்பிலோ வேறு சட்டம். மல்லாந்து மிதந்து காட்டினால் பச்சைப் பட்டை. இல்லையென்றால் சிவப்பு, இடுப்பளவு நீரோடு நின்றுகொள்ள வேண்டும். பள்ளியில் நீச்சல் கற்றிருந்ததால் எனக்கு உடனே பச்சை கிடைத்தது. அம்மா சிவப்பைக் கட்டிக்கொண்டு புளிசாதப் பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தை போனை அம்மாவின் கையில் கொடுத்தார். "கிரீன் கார்டுதான் இல்லைன்னு ஆயிரும்போல இருக்குது அண்ணி. கிரீன் பேண்டாவது வாங்கிட்டு வர்றேன்."

அன்று காலையில் இருந்த பனிமூட்டம் மதியமாகியும் முழுதாக விலகவில்லை. எது நீர், எது வானம் என்று தெரியாத ஒரு பால் வெளுப்பு. குரல்கள் எல்லாம் துணி சுற்றிக்கொண்டு வந்தது போலக் கேட்டன. முழுக்கைச் சட்டையோடு அத்தை நீரில் சாய்ந்தார். உடனே கால் இரண்டும் தரையைத் தேடி இறங்கின. காவலுக்கு நின்ற கல்லூரிப் பெண் ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்றாள். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"ரிலாக்ஸ் பண்ணுன்னு சொன்னா எப்புடி கண்ணு ரிலாக்ஸ் பண்றது? என்ற மேனேஜரும் இதையேதான் சொல்லீட்டு இருந்தாரு."

எனக்கு அந்த வயதில் தமிழ் பாதி வழியிலேயே நின்றுவிடும். "அத்தை, சண்டே லஞ்ச் முடிச்சுட்டு கார்பெட்ல படுப்பீங்கள்ல? ஜஸ்ட் லைக் தட்."

சிரித்தார். சிரித்தபடியே சாய்ந்தார். இம்முறை கால்கள் இறங்கவில்லை. காதுகள் நீருக்குள் போயின, முகம் மட்டும் ஓர் இலையைப் போல மேலே நின்றது. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்தியது அத்தைக்குத் தெரியவில்லை. மிதந்தபடியே கிடந்தார், மூட்டம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் இழுத்துக்கொள்வது போல.

அப்போதுதான் அம்மா கரையில் ஓடி வந்தார், சுடிதார் முழங்கால் வரை நனைய, போனைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு. "கம்பெனிக்காரங்கடி, உங்க அத்தையைக் கூப்பிடு." கூப்பிட்டேன். கேட்கவில்லை. நீந்திப் போய்த் தோளைத் தொட்டேன். அத்தை ஒரு கண்ணைத் திறந்தார். கரையைப் பார்த்தார்; அம்மாவை, அம்மாவின் கையை. எல்லாம் புரிந்த பார்வை அது. பிறகு அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

போன் அடித்து ஓய்ந்தது. நான் பக்கத்திலேயே கால் அடித்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் என்றுதான் ஞாபகம். கரையேறியதும் அத்தை முதலில் பச்சைப் பட்டையைக் கட்டிக்கொண்டார், புளிசாதம் சாப்பிட்டார், கை கழுவிய பிறகுதான் போனில் விட்டிருந்த செய்தியைக் கேட்டார். வேலை இல்லை.

அம்மாவுக்கு ஆறவில்லை. "அப்பவே எடுத்துப் பேசியிருந்தா?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பாங்க அண்ணி. எனக்கு மிதக்கறது மட்டும் கெட்டுப் போயிருக்கும்." திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், என் பக்கம் குனிந்து ரகசியம் போலச் சொன்னார்: "தண்ணிக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது கண்ணு. வாணல்ல எள்ளு பொரியறாப்புல."

அந்த மாதத்திலேயே அத்தை ஊர் போய்விட்டார். இப்போது நானும் ஒரு வங்கிக்குத்தான் வேலை பார்க்கிறேன். என் போனும் ஓய்வதில்லை. போன வாரம் வீடியோ காலில், தோழிகளோடு அந்தக் கேம்ப்புக்கு ஒரு நாள் போகிறேன் என்று ஆர்வமாக ஆரம்பித்து, அந்தப் பச்சைப் பட்டையை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எந்தப் பட்டை?" என்றார் அத்தை. நிஜமாகவே நினைவில்லை. நான் சொல்லச் சொல்ல யோசித்தவர், சட்டென்று திரைக்கு மிக அருகில் வந்தார். "அந்தச் சத்தம் இன்னமும் கேக்குதான்னு பாத்துச் சொல்லு."

அதற்காகவே நேற்று மல்லாந்தேன். மூட்டம் இல்லை, வெயில் இமைக்குள் சிவப்பாக நின்றது. காது நீருக்குள் இறங்கியதும் மற்றதெல்லாம் அணைந்தது. எங்கோ ஆழத்தில் பொடிப்பொடியாக வெடிக்கும் சத்தம். எள்தான், சந்தேகமே இல்லை. யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஒரு கண்ணைத் திறந்தேன். கரையில் தோழி என் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. பட்டையை வெட்டுவதற்குள் கூப்பிட வேண்டும்.