எந்தப் பக்கம் கேட் வைப்பது

ஜெயங்கொண்டம் போகிற வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். காலனித் தெருவில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். போன உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் வார்டு மெம்பரும் ஆனேன். முதல் ஆறு மாதம் ஊராட்சி ஆபீசில் என் வேலை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது. ஒரு தடவை, "படிச்சுப் பாத்துட்டுப் போடுறேங்க" என்றேன். எழுத்தர் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, "மொதல்ல டீ சாப்பிடுங்க மெம்பரம்மா" என்றார்.

எங்கள் ஊர்ப் பள்ளி அப்போது எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு பஸ் ஏற வேண்டும். காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், அதுவும் வந்தால் உண்டு. பையன்கள் படியில் தொங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு, வயசுப் பிள்ளை என்று நிறுத்தி, முந்திரி உடைக்க உட்கார வைத்துவிடுவார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். என் மகள் அந்த வருஷம் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதிகளுக்கு என்று அரசு கொடுக்கும் நிதியில் எங்கள் ஊருக்கு ஏதாவது கட்டித் தருவார்களாம். ஊர் இடம் காட்டினால் பள்ளியை ஹைஸ்கூல் ஆக்கிக் கட்டடமும் கட்டலாம். என்ன வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன்.

சமுதாயக்கூடத்தில் சபை கூடியது. தலைவர் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு தன் யோசனையைச் சொன்னார். மெயின் ரோட்டில் ஒரு ஆர்ச்.

"பக்கத்து ஊருக்காரன் ஆர்ச் கட்டி மூணு வருஷம் ஆச்சு. நம்மூரு எங்க ஆரம்பிக்குதுன்னே வர்றவனுக்குத் தெரியல."

கைதட்டினார்கள். நான் எழுந்தேன். "தலைவரே, கடிதத்துலயே பள்ளிக்கூடம்னு போட்டிருக்கு. ஹைஸ்கூல் வந்தா பொம்பளப் புள்ளைங்க படிப்பு நிக்காதுங்க."

முதலில் பதில் சொன்னவர் ஜெயங்கொண்டத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு மூன்று வேன் ஓட்டுகிறவர். "வேணாம்னு நான் சொல்லலைங்க. ஆனா புள்ளைங்க நாலு எடம் பாக்கணும். உள்ளூர்லயே கெடந்தா ஒலகம் தெரியாம போயிடும்" என்றார். அவர் வேனில் ஒருவர் மடியில் ஒருவராகப் போகும் பிள்ளைகளுக்குத் தெரிவது முன்னால் இருப்பவன் முதுகு மட்டும்தான்.

அடுத்து எழுந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வேலை பார்த்த காலமெல்லாம் அரசுப் பள்ளியில்தான் பார்த்தார். "கவர்மென்ட் ஸ்கூல்ல தரம் இல்லம்மா. உள்ளேருந்து பாத்தவன் சொல்றேன்" என்றார். அவரிடம் படித்தவள் நான். மதிய வகுப்பில் அவர் தூங்கி எழும்வரை சத்தம் போடாமல் இருப்போம். தரம் எங்கே போயிருக்கும் என்று அவர் இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம்.

கடைசியில் இடப் பேச்சு வந்தது. பள்ளிக்குப் போதுமான புறம்போக்கு, காலனிக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான் என்றார் எழுத்தர். அதற்கப்புறம் மேலத்தெருக்காரர்களுக்கு ஒவ்வொன்றாகக் கவலை வந்தது. அங்கே பாம்பு அதிகம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வாஸ்து சரியில்லை. உண்மையான காரணத்தை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் பெரிய மனது பண்ணி, "நமக்கு ஒண்ணும் வித்தியாசம் கெடையாது. சின்னப் புள்ளைங்கதான் கூச்சப்படும்" என்றார்.

"பாம்பு இருக்குற எடத்துல நாங்க எப்படிங்க இத்தன வருஷம் இருக்கோம்?" என்றேன்.

"ஒங்களுக்குப் பழகிருச்சு" என்றார் என் பழைய வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆர்ச் என்றே முடிவாகியிருக்கும். அதில் யார் பெயரைப் போடுவது என்று சண்டை வந்ததால் தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அந்தச் சண்டை போட்டவர்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அரியலூருக்குப் போனேன். பாதி நாள் காத்திருந்த பிறகு, கலெக்டர் ஆபீசில் ஒரு அம்மா ஃபைலைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க ஊரு வேணாம்னா வேற ஊருக்குப் போயிரும்மா."

"எந்த ஊருக்குங்க?"

"அது இன்னும் முடிவாகல."

திரும்பி வரும் பஸ்ஸில் நானே முடிவு செய்தேன். சாயங்காலம் வேன்காரரின் மனைவி ஜாக்கெட் வாங்க வந்தார். "நம்ம வேணாம்னா பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போவுதாம்க்கா. எடத்தக்கூட அளந்துட்டாங்களாம்" என்றேன். அளந்த கதை முழுக்க நான் தைத்தது. பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் ஏரித் தண்ணீரில் ஆரம்பித்த பகை, கபடிப் போட்டிவரை வந்திருக்கிறது. அந்த அக்கா ஹூக் வைக்கக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரச் சபையில் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "நம்ம புள்ளைங்க எதுக்குங்க அவன் ஊருல போய்ப் படிக்கணும்?" என்று தலைவர் மேஜையைத் தட்டினார். வாத்தியார் கல்வியின் அருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வேன்காரர், "படிப்பு முக்கியம்ங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பாம்பும் தண்ணீரும் வாஸ்துவும் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டன. தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு யாரும் டீ சாப்பிடச் சொல்லவில்லை.

கட்டடம் முடியும்வரை ஒன்பதாவது பழைய பள்ளியின் தகரக் கொட்டகையில் நடந்தது. என் மகள்தான் அந்த முதல் செட். முந்திரி உடைக்கப் போய்விட்ட இரண்டு பெண்களும் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுத்தேன்.

புதுக் கட்டடத்தின் சுவர் எழும்பிய பிறகுதான் கவனித்தேன். எங்கள் கொல்லையிலிருந்து கை நீட்டினால் சுவரைத் தொடலாம், ஆனால் கேட் மேலத்தெருவைப் பார்த்து இருந்தது. அங்கிருந்து கேட்வரை புதிதாக ஒரு பாதையும் போட்டிருந்தார்கள், எங்கள் தெருவை மிதிக்காமல் வருவதற்கு. எங்கள் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கேட்டால், "பிளான்ல அப்படித்தான் இருக்கு" என்றார்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். நான்காவது மனுவுக்கு ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். அப்புறம் எங்கள் பக்கம் ஒரு சின்னக் கேட் வைத்தார்கள். பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நுழையலாம்.

திறப்பு விழாவில் கல்வெட்டுத் திரையை விலக்கினார்கள். பெருமுயற்சி எடுத்தவர்கள் என்று தலைவர், வாத்தியார், வேன்காரர் மூன்று பேர் பெயர்களும் இருந்தன. "கல்லுல எடம் பத்தல மெம்பரம்மா" என்றார் எழுத்தர்.

என் மகள் கல்வெட்டை இரண்டு தடவை படித்தாள். "நீ சொன்ன பொய்யையாவது எழுதியிருக்கலாம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் கொஞ்சம் அழுகையும் வந்தது.

இப்போது இடைவேளை மணி அடித்தால் மேலத்தெருப் பிள்ளைகளும் அந்தச் சின்னக் கேட் வழியாக எங்கள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். தேன்மிட்டாய் விற்கும் பெட்டிக்கடை இந்தப் பக்கம்தான். ஒருவர் முகத்திலும் கூச்சத்தைக் காணோம். தெருவுக்குள் பிள்ளைகள் போகாமல் கேட்டைப் பூட்டி வைக்கச் சொல்லிச் சில பெற்றோர் எழுதிக் கொடுத்திருப்பதாகத் தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். காரணத்தைக் கிராம சபையில் எழுந்து சொல்லட்டும், பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.