அண்ணன் வாய் திறந்த நாள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி ஊரறிந்த கதை ஒன்று உண்டு. அது முழுக் கதை அன்று.

அண்ணன் பிறந்தது அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட குருவிநத்தத்தில், கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பத்தில். பாகூர்ப் பள்ளியில் பிரெஞ்சு படித்தார். அப்பா காலமானபின் ஏர் பிடித்து என்னைப் படிக்க வைத்தார். உலகப் போர் வந்ததும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, குண்டு வீசும் விமானமொன்றில் துப்பாக்கி வீரரானார்.

பாலைவனத்தின் மேல் பறந்தபோது அந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். தரையில் மோதித் தீப்பிடித்தது. விமானி இருக்கையிலேயே எரிந்துபோனார். வரைபடம் பார்த்து வழி சொல்லும் பிரெஞ்சுக்காரர் கால் முறிந்து கிடந்தார். கைகள் வெந்துபோக, அண்ணன் அவரை வெளியே இழுத்துப் போட்டார். அதற்குள் எதிரிச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். எந்தத் தளத்திலிருந்து வந்தாய் என்று கேட்டு அண்ணனைத் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சிலும் வாயிலும் இடித்தார்கள். முன்பற்கள் நான்கு உதிர்ந்தன. அண்ணன் பேசவில்லை.

இதுவரை உங்களுக்குத் தெரியும். போர் முடிந்து அவர் திரும்பியபோது, உயிர் போனாலும் வாய் திறக்காதவர் என்று மேளம் கொட்டி மாலை போட்டீர்கள். கைதி முகாமில் பட்ட அடிகளைக்கூட அண்ணன் சொல்வார். வாய் திறக்காதவர் என்ற பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, இரத்தமாய் இருமிக்கொண்டே என்னை அருகில் அழைத்தார்.

"நான் வாய் தொறந்தேன்டா தம்பி. கால் ஒடஞ்சு கெடந்தானே, அந்த பிரெஞ்சுக்காரன் தலையில துப்பாக்கிய வச்சானுங்க. அவன் கண்ணாலயே சொல்லாதன்னான். என்னால பாத்துக்கினு இருக்க முடியல. தளம் எங்க, எத்தினி விமானம், எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவனுங்க ஆபீசர் பொறுமையா எழுதிக்கினான். எழுதி முடிச்சிட்டு அவன சுட்டுட்டான். ரத்தம் எம்மூஞ்சில தெறிச்சிதுடா."

அந்தத் தளத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

"காப்பாத்தத்தானே சொன்னீங்க, அண்ணே?" என்றேன்.

"பொழைக்கலயே. ஊரு என்னைய தப்பா புகழுது. நான் போனப்பறம் நீயாவது எழுதிடு."

அண்ணி அவர் வாயைத் துடைத்துவிட்டு, "இத்தினி வருசம் இத தனியா சொமந்தீங்களா?" என்று அழுதார்.

இரவும் பகலும் அருகிலிருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மழையிலும் பாகூரிலிருந்து சைக்கிளில் வந்த மருத்துவருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதைப் படித்த பின்னும் அண்ணன் படத்துக்கு மலர் வைக்க மனம் வருபவர்கள் வையுங்கள். மனம் வராதவர்கள் மேல் அண்ணிக்கோ எனக்கோ வருத்தமில்லை. மலர் வைக்காவிட்டாலும், எங்கள் வீட்டு நினைவு நாள் விருந்தில் நீங்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.