ஐந்தாவது வட்டம்

தீவில், லம்பா லைன் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தகரக்கூரை வீட்டின் சொந்தக்காரர் மெட்ராஸில் இருந்தார். அவரை 'மாலிக்' என்றே சொல்லி, அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மேனேஜர், மழை பெய்தால்தான் வருவார். முழங்கால் வரை மடித்த பேண்ட், காதில் செருகிய சாக்பீஸ். வந்ததும் கூரையைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். சொட்டு விழும் இடத்தில் வட்டம் போடுவார். வெயில் வந்ததும் ஆளைக் கூட்டி வந்து, வட்டத்துக்கு நேர் மேலே ஓட்டையை அடைப்பார்.

எங்கள் மகள் பிறந்து இருபது நாள் இருக்கும். கூரை வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்து வைக்கும்படியும், தன் மைத்துனர் குடிவரப் போவதாகவும் சொந்தக்காரர் எழுதிய கடிதம் கப்பலில் வந்தது. மேனேஜர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, தூளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று தரையில் ஐந்து வட்டங்கள். நான்கை மறுநாளே அடைத்துவிட்டார். அடுக்களை மூலையில் இருந்த ஐந்தாவதைத் தொடவில்லை.

"இது?" என்றேன்.

"இருக்கட்டும் சார். மாலிக்குக்கு நான் பொய் எழுதினதே இல்ல. கூரை இன்னும் ஒழுகுதுன்னு எழுதணும்னா, அது ஒழுகணும்ல? நீங்க ஒரு பால்டி வெச்சுக்குங்க."

அவரை நேர்மையானவர் என்பதா, வேறு என்னவென்பதா, எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்த வாளியோடு இரண்டு மழைக்காலம் அங்கே இருந்தோம். ஒவ்வொரு மழைக்கும் அவர் வந்து, அழிந்துபோயிருந்த அந்த ஒரு வட்டத்தைக் கவனமாகத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.