ராகுகாலத்தில் ஒரு தோட்டா

வனக்காப்பாளர் இளவேனிலுக்குத் துப்பாக்கியைவிட ரேஞ்ச்ஃபைண்டர் மேல்தான் பிரியம். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் லேசர் ஒளி இலக்கில் பட்டுத் திரும்பும். தூரம், மேடு பள்ளம், வெயில், குளிர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, தோட்டா எவ்வளவு தாழும், எவ்வளவு உயர்த்திக் குறிவைக்க வேண்டும் என்று சொல்லிவிடும். காற்று மட்டும் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எந்தத் தெருவுல பொறந்தேன்னு கேக்காம வேலை சொல்றது இது ஒண்ணுதானுங்க சார்" என்பாள், தன் மேலதிகாரியான வனவர் பிரான்சிஸிடம். அவர் சிரிக்க மாட்டார், சுற்றுமுற்றும் பார்ப்பார்.

அவள் அப்பா அங்கப்பன், பண்ணையத்தில் கூலிக்கு நின்றவர். பள்ளிக்கூடத்தில் அவளை மட்டும் வகுப்பைப் பெருக்கச் சொன்னபோது, "எல்லாரும் பெருக்குனா நானும் பெருக்கறேனுங்க டீச்சர்" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தவள் இளவேனில். காக்கி உடுத்திய பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே சீனிவாசலுவின் மக்காச்சோளத் தோட்டத்தில் ஒற்றைக் காட்டுப்பன்றி ஒன்று புகுந்திருந்தது. களையெடுக்கப் போன சின்னாத்தாளின் தொடையைக் கிழித்தது. அப்போது யாரும் அசையவில்லை. சோளம் அழிந்த பிறகுதான் சுட உத்தரவு வந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் சீனிவாசலு ஜீப்பில் வந்து நின்றார். ஏழரை தாண்டி, வெயில் ஏறும் முன்பே பன்றி சோளத்தைவிட்டு வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஆளுயர வாய்க்கால் கரை. பயிரின் பூ அசையவில்லை. துளைத்துக்கொண்டு போனாலும் தோட்டாவை அந்த மண் விழுங்கிவிடும். இளவேனிலின் விரல் விசைக்குப் போனது.

"நில்லுங்க அம்மணி!" சீனிவாசலு அவள் தோளைப் பிடித்தார். "ராகுகாலமுங்க. ஒம்பது மணி ஆகட்டும்."

"பன்னிக்கு அது தெரியுமுங்களா?"

பன்றிக்குப் பேச்சுச் சத்தம் தெரிந்தது. சோளத்துக்குள் பாய்ந்துவிட்டது.

ஒன்பது ஆவதற்குள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்து, சோளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்தது. இந்த முறை பன்றி மேட்டு வரப்பில் ஏறி நின்றது.

"இப்ப சுடுங்க. நல்ல நேரம்."

இளவேனில் பன்றியை அளந்தாள். பிறகு கருவியை மயிரிழை நகர்த்தி, அதற்குப் பின்னால் இருப்பதையும் அளந்தாள். தகரக் கூரை. கொடியில் காயும் சேலை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றினாள்.

"என்னாச்சுங்க?"

"பின்னாடி ஆளிருக்காங்க. காத்தும் நிலையில்லை. சுட மாட்டேனுங்க."

"பின்னாடி ஒண்ணுமில்லீங்க அம்மணி. காலனிதான்."

இளவேனில் எழுந்து நின்றாள். "அந்த மாதிரி ஒண்ணுமில்லாத எடத்துல பொறந்தவதானுங்க நான். பின்னாடி உங்க ஊடு இருந்தா சுடச் சொல்லுவீங்களா?"

சீனிவாசலு சிரித்தார். "உங்களை மாத்திப்போடறேன், பாருங்க கண்ணு." கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' சேர்த்துப் பேசுகிற மரியாதை அது.

அந்த வாரமே மாறுதல் உத்தரவு வந்தது. அடுத்த திங்கள் மாலைக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா ரத்து பண்ணிருவாங்க, இளவேனில்" என்றார் பிரான்சிஸ்.

"எதுக்குங்க சார்? காலனி மேல சுடாததுக்கா?"

அவர் துப்பாக்கி அறைச் சாவியை மேசைமேல் அவள் பக்கமாக வைத்துவிட்டுப் போனார்.

திங்கள் காலை மழை விட்டிருந்தது. தோட்டத்தை வெண்பனி மூடியிருந்தது. சின்னாத்தாள் காலை இழுத்து இழுத்து அவளருகே வந்தாள்.

"காலனியில ஒருத்தரும் வெளிய வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேனுங்க. ஆனா ராகுகாலமாமா? தோட்டத்துப் பண்ணாடி வைய மாட்டாரா?"

"ராகுகாலத்துல அவரு ஊட்டுப் படியே தாண்ட மாட்டாருங்க அக்கா. நம்மளுக்கு இதைவிட நல்ல நேரம் ஏது?"

சின்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

பன்றி வாய்க்கால் கரையோரம் வந்தது. பொத்தானை அழுத்தியதும் கருவி முப்பது மீட்டர் என்றது. அது பன்றியின் தூரம் அல்ல, பனியின் தூரம். நம்பியிருந்தால் தோட்டா மண்ணுக்குப் போயிருக்கும். இளவேனில் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். பனி விலகியதும் மறுபடி அழுத்தினாள். நூற்றெண்பது. பின்னால் மண்கரை. காற்று இல்லை. கருவி சொன்ன அளவுக்குக் குறியை உயர்த்தினாள்.

ஒரே வெடி. பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

சீனிவாசலு வீட்டு நாய்கள் குரைத்தன. கதவு மட்டும் திறக்கவில்லை.

"ஒம்பது மணிக்கு அவரு வெளிய வந்தா சொல்லுங்க அக்கா" என்றாள் இளவேனில், துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி. "பன்னியைச் சுட்டாச்சு, மன்னிப்புக் கேக்காமத்தான் போனாள்னு."